அருவாமனைக்கு விசா உண்டா?

திருத்தணி மலையடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டு அப்பா அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். மகள் கல்யாணமாகி இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் உள்ள வுல்வர்ஹாம்ப்டன் என்கிற ஊரில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவள் அம்மாவிடம் ஒன்று கேட்டாள். நகை இல்லை, பட்டுப்புடவை இல்லை, ஊறுகாய் கூட இல்லை.

"அம்மா, ஆயாவோட அருவாமனைய எனக்கு அனுப்பி வைம்மா."

ஆயா என்றால் பாட்டி. இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆயா போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலை மடக்கி அருவாமனைப் பலகை மேல் வைத்து, கீரைத்தண்டையும் வாழைப்பூவையும் அவர் நறுக்கும் வேகத்தைப் பார்த்தே வளர்ந்தவள் இந்தப் பெண். அங்கே சமையல் மேடை முன்னால் நின்றுகொண்டு கத்தியால் வாழைக்காய் நறுக்குவது அவளுக்கு இன்னும் பழகவில்லையாம். பழகவில்லை என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அந்த அம்மாவுக்கும் தெரியும், அதனால் ஒன்றும் கேட்காமல் "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த நாளே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவர், "இரும்பு, அதுவும் கூரா இருக்கு, ஏர்போர்ட்லயே புடிச்சுடுவான்" என்றார். பக்கத்து வீட்டுக்காரம்மா, "லண்டன்ல கத்தி வெச்சிருந்தாலே ஜெயிலாம்க்கா, டிவில காட்டினாங்க" என்றார். பார்சல் வாங்கும் ஒரு கூரியர் கடைக்காரர் மட்டும் தைரியம் சொன்னார். "அருவாமனைன்னு எழுதாதீங்கக்கா. ஸ்டீல் பாத்திரம்னு போட்டுடலாம். யாரும் பிரிச்சுப் பாக்கமாட்டாங்க."

இந்த மூன்று பேரில் ஆபத்தான ஆலோசனை சொன்னவர் மூன்றாமவர்தான். அது ஏன் என்று புரிய, முதல் இரண்டு பேர் சொன்னது எவ்வளவு தூரம் நிஜம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஏர்போர்ட். விமானத்தில் கத்தி கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடை பயணி கையோடு உள்ளே எடுத்துப்போகும் பைக்கு. கீழே சரக்குப் பகுதியில் போகிற பெட்டிக்குள் நன்றாகச் சுற்றி வைத்த சமையல் கத்தி போவதில் பிரச்சினை இல்லை. தபால் பார்சலும் கீழேதான் போகிறது. சரக்கு அறையில் கிடக்கும் அருவாமனையை எடுத்து யாரும் பைலட்டை மிரட்ட முடியாது!

அடுத்தது இந்தியச் சட்டம். கத்தி, வாள் எல்லாம் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் வருகின்றன. (திருத்தணிக்காரர்களுக்கு 1959 இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமான வருஷம். ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையே எல்லையை மாற்றிய சட்டமும் அதே வருஷம் வந்ததுதான். ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.) அந்த ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் ரொம்பத் தெளிவானது. தாக்குவதற்கோ தற்காத்துக்கொள்வதற்கோ என்று வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த பொருள்தான் ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவை ஆயுதம் இல்லை. லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் உதாரணமாகச் சட்டமே சொல்லி விலக்குகிறது.

இதற்குக் கீழே இருக்கும் ஆயுத விதிகளில் அளவும் உண்டு. 1962-ஆம் வருஷத்து விதிகளில் இருந்தது, அவற்றுக்குப் பதிலாக வந்த 2016 விதிகளிலும் தொடர்கிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் வாள், குத்துவாள், ஈட்டி, கிர்பான், குக்ரி இவற்றோடு சேர்ந்து ஐந்தாம் வகை ஆயுதம். ஆயாவின் அருவாமனையை ஸ்கேல் வைத்து அளந்தால் நடுவில் அகலம் இரண்டு அங்குலத்தைத் தாண்டும். அப்படியென்றால் ஆயா இத்தனை வருஷம் லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தாரா? இல்லை. அதே வரியில், வீட்டு, விவசாய, அறிவியல், தொழிற்சாலை உபயோகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக என்று இருக்கிறது. சட்டம் முதலில் கேட்பது எவ்வளவு கூர்மை என்று இல்லை, எதற்காகச் செய்தது என்றுதான். ஆயுதம் என்றால் ஏற்றுமதி செய்யவும் தனியாக லைசென்ஸ் வேண்டும். அருவாமனைக்கு அது தேவையில்லை.

போலீஸ்காரர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 2021-ல் தமிழ்நாட்டில் டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, அரிவாள், கத்தி செய்கிற பட்டறைகளும் விற்கிற கடைகளும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, என்ன காரணத்துக்காக வாங்குகிறார் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னார். திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாளுக்கே பேர்போன ஊர்களில் பட்டறைக்காரர்களுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். அதே அடுப்பு, அதே துருத்தி, அதே லாரி ஸ்பிரிங் பட்டை. காலையில் கதிர் அறுக்க ஒன்று, மதியம் தேங்காய் வெட்ட ஒன்று, சாயங்காலம் ஐயனார் கோயிலுக்கு நேர்த்திக்கடனாக ஒன்று. இரும்புக்குத் தெரியுமா தான் எங்கே போகப்போகிறோம் என்று?

இரும்புக்குத் தெரியாது. ஆனால் கஸ்டம்ஸ்காரர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பி.காம். பாடத்தில் ஏற்றுமதி இறக்குமதி என்று ஒரு பேப்பர் வரும், அதில் எச்.எஸ். கோடு என்று ஒரு சமாச்சாரம் வரும். பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். உலகத்தில் விற்கிற எல்லாப் பொருளுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கும் பட்டியல் அது. கதிர் அரிவாள், மண்வெட்டி, கோடாரி எல்லாம் 8201. சாதாரணக் கத்திகள் 8211. வாள், ஈட்டி, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி எல்லாம் 9307. எண்பத்திரண்டாவது அத்தியாயம் கருவிகள், தொண்ணூற்று மூன்றாவது அத்தியாயம் ஆயுதங்கள். ஒரே இரும்பு, நடுவில் பதினோரு அத்தியாயம் தூரம்!

இதில் வேடிக்கை, அப்பாவின் கடையில் தொங்குகிற வேல். பேரைப் பார்த்தால் அது ஈட்டியின் குடும்பம்தான். ஆனால் பூஜை அறையில் வைக்கும் பித்தளை வேலை யாரும் 9307-ல் போடமாட்டார்கள். உலோகச் சிலைகளும் அலங்காரப் பொருட்களும் வருகிற 8306 தான் அதற்குப் பொருத்தம். உலகத்துக்கே தெரிந்த ஒரு போர்க்கருவி, கஸ்டம்ஸ் கண்ணுக்கு அலங்காரப் பொருள். திருத்தணி முருகனுக்கு இதில் வருத்தம் இருக்காது. சூரனை ஜெயித்துவிட்டு வந்து கோபம் தணிந்த ஊர் என்பதால் கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே புஷ்பாஞ்சலிதான் நடக்கிறது.

சரி, தபாலுக்கு வரலாம். ஆயுதம் இல்லை என்று முடிவானாலும், கூர்மையான பொருளைத் தபாலில் போடலாமா என்பது தனிக் கேள்வி. 1898-ஆம் வருஷத்து இந்திய தபால் நிலையச் சட்டத்தில் 19-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வெடிக்கிற பொருள், ஆபத்தான பொருள், அழுகிற அசிங்கமான பொருள், கடிக்கிற உயிரினம் இதையெல்லாம் தபாலில் அனுப்பக்கூடாது என்று சொல்லும் பிரிவு. அந்தப் பட்டியலில் கூர்மையான கருவியும் உண்டு. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: சரியான பாதுகாப்பு இல்லாத கூர்மையான கருவி. அதாவது கத்தி குற்றம் இல்லை, உறை இல்லாத கத்திதான் குற்றம். அந்த வெள்ளைக்காரச் சட்டம் போய், 2024 ஜூன் 18 முதல் 2023-ஆம் வருஷத்துத் தபால் நிலையச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதுச் சட்டம் சின்னது, இந்த மாதிரி விவரமெல்லாம் சட்டத்தில் இல்லாமல் விதிகளுக்குப் போய்விட்டது. ஆனால் பழைய பிரிவு யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவர் மாறவில்லை. மூட்டையைத் தூக்கி வேனில் போடுகிற ஆளும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பிரிக்கிற ஆளும் இன்றைக்கும் கையால்தான் வேலை செய்கிறார்கள்.

அதனால் பேக்கிங் என்பது இங்கே அழகுக்காக இல்லை. அருவாமனையில் ஆபத்தான இடம் இரண்டு. ஒன்று உள்வளைவில் இருக்கும் வெட்டும் விளிம்பு. இன்னொன்று உச்சியில் தேங்காய் துருவுகிற பல். விளிம்புக்கு, பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி மாட்டி, மேலே தடிமனான அட்டை மடித்துக் கட்டுவது நல்ல வழி. துருவிக்கு தெர்மாகோல் துண்டைக் குத்தி, அதன் மேல் துணி சுற்றி டேப். பிறகு முழுவதையும் அட்டைப் பெட்டியில் ஆடாமல் வைத்து, இடைவெளியில் பழைய துணி அடைக்க வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கக்கூடாது. முன்பெல்லாம் வெள்ளைத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, அரக்கு முத்திரை வைத்த பார்சல்கள் தபால் நிலையத்தில் வரிசையாக இருக்கும். வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வீட்டில் ஒரு நிம்மதி வந்தது. ஆனால் நிஜமான சிக்கல் அப்போதுதான் கிளம்பியது. அதுவும் இரும்பில் இல்லை, மரத்தில்!

அந்த அருவாமனையின் பலகை ஒருமுறை உடைந்து, எண்பதுகளில் புத்தூர்ப் பக்கத்துத் தச்சர் ஒருவரிடம் புதுப் பலகை போட்டு வாங்கியது. கருஞ்சிவப்பு நிறம், கல் மாதிரி கனம். அப்பாவுக்குச் சந்தேகம், "இது செம்மரமா இருக்குமோ?" திருத்தணி, நகரி, புத்தூர் பக்கம் செம்மரம் என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். சேஷாசலம் மலையில் வளர்கிற அந்த மரத்துக்காக எத்தனை கைது, எத்தனை உயிர் என்று பேப்பரில் பார்த்தவர்கள்தானே. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து அதை அரசின் தனி அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யத் தடை. கட்டையாக இருந்தால்தான் தடை, அருவாமனைப் பலகையாக இருந்தால் பரவாயில்லை என்று வாதாட கஸ்டம்ஸ் மேஜை சரியான இடம் இல்லை.

கத்தி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இதுதான். எல்லோரும் அலகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிடியைப் பார்க்கமாட்டார்கள். தாத்தா காலத்துக் கத்திக்கு மான்கொம்புப் பிடி இருந்தால் அது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் விஷயம். யானைத் தந்தம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினால் அவர்கள் மரப்பட்டை ஒட்டியிருக்கிறதா, பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று மரத்தைத் தனியாகப் பார்ப்பார்கள்.

அதோடும் முடியவில்லை. அலகு யாருடையது என்று கேட்டபோது, ஆயா கல்யாணமாகி வந்தபோதே அது அந்த வீட்டில் இருந்ததாக அப்பா சொன்னார். ஆயாவின் மாமியாருக்குச் சீராக வந்ததாம். அவர் எந்த வருஷம் கல்யாணமாகி வந்தார்? யாருக்கும் தெரியாது. இதுவும் சும்மா கேட்கிற கேள்வி இல்லை. தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், அதுவும் 1972-தான், நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருட்களையும் அந்தக் காலத்து வாழ்க்கையைக் காட்டும் பொருட்களையும் தொல்பொருள் என்கிறது. தொல்பொருளைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய மாதிரி தெரியும் பொருள் தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். சிலைகள், பழைய விளக்குகள் விஷயத்தில் இது வழக்கம். ஆனால் ஒரு அருவாமனையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் சான்றிதழ் கேட்பது... அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, அதை எடுத்துப் பழையபடி சமையலறை மூலையில் வைத்துவிட்டார்.

இதைப் போனில் சொன்னபோது மகளுக்குத் தாங்கவில்லை. "அது இல்லன்னா வேற எதுக்கும்மா?" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவளே, "சரி, புதுசாவது அனுப்பு" என்றாள். அப்போது அம்மா அந்தக் கூரியர் கடைக்காரர் சொன்ன யோசனையைச் சொன்னார். ஸ்டீல் பாத்திரம் என்று போட்டால் பழசையே அனுப்பிவிடலாமாம்.

"வேற பேர்ல எழுதாதம்மா. இந்த ஊர்ல அது விளையாட்டு இல்ல."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூன் மாதம் அதே வுல்வர்ஹாம்ப்டனில் ரோனன் கந்தா என்கிற 16 வயதுப் பையன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கொல்லப்பட்டான். கொன்ற இரண்டு பேருக்கும் அதே வயதுதான். வேறொரு பையன் என்று நினைத்து ஆளை மாற்றிக் கொன்றார்கள். 'நிஞ்சா வாள்' என்று விற்கப்படும் வாள் அது, ஆன்லைனில் வாங்கியது. வாங்கியவன் தன் அம்மாவின் அடையாளத்தைப் பயன்படுத்தி வாங்கி, சம்பவம் நடந்த அன்று தபால் நிலையத்தில் போய் எடுத்துக்கொண்டான். ரோனனின் அம்மா பூஜா கந்தா அதற்குப் பிறகு விடாமல் போராடினார். 2025 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிஞ்சா வாள் வைத்திருப்பதே குற்றம். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2024 செப்டம்பரில், 'ஸோம்பி' பாணிக் கத்திகளும் வெட்டரிவாள்களும் தடையாயின.

ஆக, பக்கத்து வீட்டுக்காரம்மா டிவியில் பார்த்தது முழுப் பொய் இல்லை. பிரிட்டனில் விசையை அழுத்தினால் பாய்கிற கத்தியை 1959-லேயே தடை செய்துவிட்டார்கள் (மறுபடியும் 1959!). 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களை 2008-ல் தடை செய்தார்கள். பாரம்பரிய முறையில் கையால் அடித்துச் செய்த வாளுக்கு மட்டும் விலக்கு. பொது இடத்தில் நியாயமான காரணம் இல்லாமல் கத்தி வைத்திருப்பதும் குற்றம். மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குப் பேனாக்கத்திக்கு மட்டும்தான் அங்கே சலுகை. ஆனால் வீட்டில் சமையல் கத்தி வைத்திருக்கவோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவோ தடை இல்லை. கத்தி விற்கிற கடைக்காரர் தொலைவிலிருந்து அனுப்பினால் வாங்குகிறவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். விற்கிறவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தப் பொறுப்பு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியின் தலையில் விழும். அம்மா மகளுக்கு அனுப்புவது விற்பனை இல்லை.

ஸோம்பி கத்திக்கு அவர்கள் எழுதியிருக்கும் இலக்கணத்தைப் படித்தால் அருவாமனைக்காரர்களுக்கு ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கும். 8 அங்குலத்துக்கு மேல் அலகு, சாதா வெட்டும் விளிம்பு, கூரான முனை, கூடவே ரம்பப் பல் மாதிரி ஏதாவது ஒன்று. துருவியில் பல் இருக்கிறதே! ஆனால் துருவி உருண்டையாக இருக்கிறது, குத்துகிற முனை இல்லை. அதைவிட முக்கியம், அலகின் நீளத்தைக் கைப்பிடி முடிகிற இடத்திலிருந்து அளக்கச் சொல்கிறார்கள். அருவாமனைக்குக் கைப்பிடியே கிடையாது. உலகத்தில் மற்ற எல்லாக் கத்தியிலும் காய் சும்மா இருக்கும், கத்தி நகரும். இதில் கத்தி சும்மா இருக்கும், காய்தான் நகரும். வங்காளிகளிடமும் மராட்டியர்களிடமும் இதே கருவி உண்டு. திருத்தணியில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதுவே கத்திபீட்ட. ஆனால் லண்டனில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருக்கமாட்டார்கள்.

கற்பனை செய்யாத பொருளுக்குப் படிவத்தில் என்ன பெயர் எழுதுவது? கடைசிச் சிக்கல் இதுதான். வெளிநாட்டுப் பார்சலுக்கு சி.என். 23 என்று ஒரு கஸ்டம்ஸ் படிவம் உண்டு. சின்னப் பொதிகளுக்கு சி.என். 22. உள்ளே என்ன, எத்தனை, எடை, விலை, பரிசா விற்பனையா எல்லாம் எழுத வேண்டும். 1874-ல் பெர்ன் நகரத்தில் ஆரம்பித்த தபால் ஒன்றியம் (இந்தியா 1876-லேயே சேர்ந்துவிட்டது) உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்திருக்கும் படிவம் இது. 2021 முதல் இதில் எழுதுகிற விவரம் பார்சலுக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் வழியாக அந்த நாட்டுக்குப் போய்விட வேண்டும். அதாவது பெட்டி சென்னையைத் தாண்டும் முன்பே எழுத்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே ஸ்கேனரில் ஓர் அடி வளைந்த அலகு தெரிகிறது, படிவத்தில் ஸ்டீல் பாத்திரம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சாதாரணச் சமையல் சாமானாக இருந்தது அந்த நிமிஷத்திலிருந்து மறைத்து அனுப்பிய கத்தி. பெட்டியின் மேல் இருப்பது மகளின் பெயரும் முகவரியும். பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். இந்தப் பக்கம் சுங்கச் சட்டத்தின் 114-ஏஏ பிரிவு, தெரிந்தே பொய் விவரம் கொடுத்தால் பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம் என்கிறது. கூரியர் கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் குற்றமே இல்லாத ஒன்றைக் குற்றமாக்கும் யோசனை அது.

பஜாரில் மாம்பலகை போட்ட புது அருவாமனை 650 ரூபாய்க்குக் கிடைத்தது. தபால் நிலையத்தில் பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோய்க் காட்டினார்கள். கவுன்டரில் இருந்த பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்து, டியூபையும் அட்டையையும் அழுத்திப் பார்த்து, "எங்க வீட்லயும் இதான்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தைக் கொடுத்தார். கத்தி என்று எழுதுவதா, அரிவாள் என்று எழுதுவதா என்று பேசிப் பேசி, கடைசியில் இங்கிலீஷில் இப்படி எழுதினார்கள்: கிச்சன் வெஜிடபிள் கட்டர், அயர்ன் பிளேடு ஃபிக்ஸட் ஆன் உடன் போர்டு, ஃபார் ஹோம் யூஸ், நியூ. பரிசு என்ற கட்டத்தில் டிக். வெளிநாட்டிலிருந்து வருகிற 39 பவுனுக்கு உட்பட்ட பரிசுக்கு அங்கே வரி கிடையாது, 650 ரூபாய் அந்த எல்லைக்குப் பக்கத்தில் கூடப் போகாது. தபால் கட்டணம்தான் பொருளின் விலையைப் போலப் பல மடங்கு. காமர்ஸ் படித்தவர்கள் யாரும் இந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள்!

இருபது நாள் கழித்துப் பெட்டி போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்களாம். அன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் மகள் தரையில் பழைய பெட்ஷீட் விரித்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் அருவாமனை, பக்கத்தில் ஒரு முழு பீர்க்கங்காய். துருவி மேல் அப்பா சுற்றிய டேப்பை அரை மணி நேரமாகப் பிரித்துக்கொண்டிருந்தாளாம்.

"இத வெட்டறதுக்கு ஒரு கத்தி வேணும்பா" என்றாள்.

அம்மா போனைத் திருப்பி, சமையலறை மூலையைக் காட்டினார். பழசு அங்கேதான் இருந்தது. "நீ வரும்போது இதுல நறுக்கிக்க."